ஒரு பக்கம் இருபது ரூபா

காலை எட்டரைக்கு மெஷின் சூடாவதற்குள்
சூசைதாசின் ஃபோன் சொல்லிவிட்டது:
சீனக்குடா எண்ணெய்க் குதங்கள்
இன்னாருக்கு, இத்தனை வருஷத்துக்கு.
இன்னார் இல்லையாம், வேற ஆக்களாம்,
என்றது அடுத்த செய்தி.
படகுப் பதிவுப் புத்தகத்தைக்
கண்ணாடியில் குப்புறப் போட்டபடி கேட்டார்,
"அப்ப மண்ணெண்ணெய் குறையுமோ பிள்ளை?"

எனக்கென்ன தெரியும்.
எனக்குத் தெரிந்தது டோனர் விலை.
டொலர் ஏறின அன்றைக்கே ஏறும்,
இறங்கினால் இறங்க மறந்துபோகும்.

வாசலில் மான்.
இந்த ஊரில் மானைப் பார்த்து வாய் பிளப்பது
பஸ்சில் வந்திறங்கும் சுற்றுலாக்காரர்தான்.
சோற்றுப் பார்சல் சுற்றின லஞ்ச் ஷீட்டை
நக்கி, மென்று, விழுங்கிக்கொண்டிருந்தது.
போன கிழமை ஒன்று செத்தது.
வயிற்றுக்குள் பொலித்தீன் என்று பேப்பரில் வந்ததை
ஃபரீனா டீச்சர் முப்பது கொப்பி எடுத்தார்,
ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு.
போட்டுக்கொண்டு போக ஒரு பை கேட்டார்.
பொலித்தீன் பைதான் இருந்தது. கொடுத்தேன்.
அவர் சந்தி திரும்பின பிறகுதான்
எனக்கு விளங்கியது.

பத்து மணிக்குக் கடல் சூடேறிவிட்டதாம்,
புறாத்தீவில் பவளம் வெளுத்துப்போச்சாம்.
வரிசையில் நின்றவர்கள்
ஒரே நேரத்தில் ஃபேனைப் பார்த்தார்கள்.
இடமாற்றக் கடிதத்தோடு நின்ற கருணாதிலக
சிங்களத்தில் ஏதோ சொன்னார்.
விளங்காதவர்களும் "ஓமோம்" என்றார்கள்.

பிறகு அந்த வீடியோ வந்தது.
அமைச்சர் ஒருவர், கொடிக்கு முன்னால்,
தமிழில்.
எழுதி வாசிக்கிற தமிழ் இல்லை,
ழகரம் பிசகாத தமிழ்.
காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரே, என்றார்.
பிழை எங்களில்தான், என்றார்.
மன்னியுங்கள்.

கடை ஒருக்கா அடங்கிப்போனது.
மெஷின் மட்டும் யாருடையதோ
அடையாள அட்டையை இழுத்துக்கொண்டிருந்தது.

கடைப் பெடியன் றிஸ்வின் எட்டிப் பார்த்தான்.
"அக்கா, இது ஏஐ. வாயைப் பாருங்கோ,
பல்லு ஒட்டிக் கிடக்கு."
எல்லாருக்கும் மூச்சு வந்தது.
"அதுதானே!"
"தமிழ் சுத்தமாக் கிடக்கேக்கயே பிடிச்சிருக்கோணும்."
சிரித்தார்கள்.
சிரித்துச் சிரித்து மூன்று குழுக்களுக்கு அனுப்பினார்கள்.

தவமலரக்கா சிரிக்கவில்லை.
அவவின் ஃபைல் எனக்கு மனப்பாடம்.
பதினெட்டுப் பக்கம்:
பொலிஸ் முறைப்பாடு, செஞ்சிலுவைக் கடிதம்,
ஸ்கூல் ரையோடு மகன்.
கொப்பியின் கொப்பியின் கொப்பியில்
முகம் கறுத்து, ஒரு காது மட்டும் மிச்சம்.
ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும் ஒரு செட்.
ஒறிஜினலைக் கொண்டு வாங்கோ என்பேன்.
அது முதல் வந்தவையிட்டக் குடுத்தாச்சு என்பா.

"அந்தாள் சொல்லேல்லையோ?"
"இல்லையக்கா, மெஷின் செய்தது."
"மெஷினுக்கு ஆர் சொன்னது?"
றிஸ்வின் என்னைப் பார்த்தான்.
"ஆரோ ஒராள் நினைச்சிருக்குத்தானே,
இப்பிடிச் சொல்லோணும் எண்டு."
ஃபோனைத் தூரப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினா.
"பொய்தான். தெரியுது.
இன்னொருக்காப் போடு தம்பி."

அவனுக்கு மனம் பொறுக்கவில்லை.
பதினோராம் பக்கத்தைப் படமெடுத்தான்,
என்னவோ தட்டினான், காத்திருந்தான்.
கறுப்புக் கரைந்தது.
கண், மூக்கு, வகிடெடுத்த தலை,
நிறம்கூட வந்தது.
"பாருங்கோ அக்கா."

கன நேரம் பார்த்தா.
"வடிவான பெடியன்.
ஆற்ற பிள்ளை?"

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது.
"இந்தமுறையும் குரங்கோ?" என்றது ஒரு குரல்.
பதினோராம் பக்கம்
மெஷினுக்குள் பாதியில் நின்றது.
அவ ஸ்டூலை இழுத்துப்போட்டு இருந்தா.
"வரும்தானே" என்றா.
ஓமக்கா என்றேன்.

மான் உள்ளே தலையை நீட்டி
பழுதான தாள்களின் கூடையை மணந்தது.
தின்னாத, அது டோனர் என்று
அதற்கு விளங்கும் மாதிரிச் சொன்னேன்.